வால் கனத்தால் மூக்கில் ஈயமா?

கேள்வி: வீட்டிலேயே பால்சா என்ற லேசான மரத்தில் கிளைடர் (இன்ஜின் இல்லாத மாதிரி விமானம்) செய்கிறேன். வால் கனத்துப்போய், சமநிலைக்காக மூக்கில் நிறைய ஈயம் வைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
- மதுரை வாசகர்

பதில்: பலகை வாங்கப் போகும்போது சமையலறைத் தராசையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். 915 மி.மீ. நீளம், 75 அகலம், 1.5 தடிமனில் ஒரு பலகை 10 கிராம் இருக்கும். பக்கத்திலேயே அதே அளவில் 20 கிராம் பலகையும் கிடக்கும். பால்சாவின் அடர்த்தி மரத்துக்கு மரம் மாறும். லேசானது வாலுக்கு, கனமானது உடற்பகுதியின் முன்பாதிக்கு. வால் அவ்வளவு தள்ளி இருப்பதால், அங்கே 1 கிராம் கூடினால் மூக்கில் 2, 3 கிராம் கேட்கும். அப்புறம், வெள்ளைப் பசையை அப்பாதீர்கள், அதுவும் கனம்தான். வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் பசை அசையாது, பக்கத்து மரம்தான் குழியும்.