ஜாத்தா நெகாராவில் பால்மரம் எங்கே?

அன்புள்ள அண்ணா,

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். தேசிய மாதத்துக்காக மலேசியாவின் நாட்டுச் சின்னமான ஜாத்தா நெகாராவை வரையச் சொன்னேன். ஒரு பையன் வரைந்து முடித்துவிட்டு, "டீச்சர், பாக்கு மரம் இருக்கு, பூ இருக்கு, புலிகூட இருக்கு. எங்க தாத்தா வெட்டுன பால்மரம் எங்க?" என்று கேட்டான். ரப்பர் மரத்தைத்தான் கேட்கிறான். பக்கத்து வகுப்பு ஆசிரியர், "நட்சத்திரத்தில் ஒரு முனை நமக்குத்தான் என்று சொல்லிவிடுங்கள், பிள்ளை சந்தோஷப்படுவான்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நம்மை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார்களா? அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஓர் ஆசிரியை
சுங்கை சிப்புட்

அன்புத் தங்கைக்கு,

அந்த நட்சத்திர முனையை அவனுக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் தயங்கியது சரி. அதில் இருக்கும் 14 முனைகள் 13 மாநிலங்களுக்கும் கூட்டரசு அரசாங்கத்துக்கும் உரியவை. எந்த இனத்துக்கும் எந்தத் தொழிலுக்கும் அதில் பங்கு கிடையாது. இன்று நாம் ஆசையாகச் சொல்லி வைப்பதை இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் வேறு புத்தகத்தில் அவன் வேறு விதமாகப் படிப்பான். அப்புறம் நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டான்.

அவனுக்கு முதலில் அந்தக் கேடயத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். அது எழுத்தில்லாத ஒரு சரித்திரப் பாடம். மேலே சிவப்புப் பின்னணியில் 5 கிரிஸ்கள், அதாவது மலாய்க் குத்துவாள்கள், இருக்கின்றன அல்லவா? அவை ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு. பிரிட்டிஷார் காலத்தில் கூட்டில் சேராமல் தனித்தனியாக இருந்த மாநிலங்கள். அதற்குக் கீழே சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று 4 கட்டங்கள். பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய கூட்டு மாநிலங்களின் கொடி நிறங்கள் அவை. நம் பேராக் கொடியின் வெள்ளை, மஞ்சள், கறுப்பு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. பையனிடம் மாநிலக் கொடியைக் காட்டினால் அவனே கண்டுபிடித்துவிடுவான். பார்ப்பவரின் இடது பக்கம் நிற்கும் பாக்கு மரம் பினாங்குக்கு, வலது பக்கத்து மரம் மலாக்காவுக்கு. இவை இரண்டும் நீரிணைக் குடியேற்றங்களாக பிரிட்டனின் நேரடி ஆட்சியில் இருந்தவை.

மூன்று விதமாகப் பிரித்து ஆளப்பட்ட மலாயா 1948ல் ஒரே கூட்டரசானது. 1952ல் அதற்கென்று ஒரு சின்னம் வந்தது. இரு பக்கமும் நிற்கும் புலிகள் அதற்கும் பழையவை, கூட்டு மாநிலங்களின் சின்னத்திலிருந்து வந்தவை. 1963ல் மலேசியா உருவானபோது சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றும் கேடயத்தின் அடியில் சேர்ந்தன. 1965ல் சிங்கப்பூர் பிரிந்த பிறகு அதன் இடத்துக்குத்தான் செம்பருத்தி வந்தது. அந்தப் பூ 1960லேயே தேசிய மலராகிவிட்டது. அதுவும் இந்த மண்ணில் தோன்றியதல்ல, வெளியிலிருந்து வந்து வேர்பிடித்த செடி. இன்று கேடயத்தின் அடியில் நடுவில் இருக்கிறது.

புலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சின்னத்தில் அவை வலிமைக்கும் துணிவுக்கும் நிற்கின்றன. ஆனால் நாட்டின் காடுகளில் இன்று மலாயாப் புலிகள் 150கூட இல்லை என்பது அரசாங்கமே எடுத்த கணக்கு. முதலில் ரப்பருக்கும் பிறகு செம்பனைக்கும் காடு அழிந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. தாத்தா பால் வெட்டிய நிரைகளும் ஒரு காலத்தில் காடாக இருந்தவைதான். புலியை வரைகிற பிள்ளைக்கு இதையும் சொல்லலாம், அவனுக்கு அது புரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்மை மட்டும் தேடிப்பிடித்து விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் கேடயத்தில் ஈயச் சுரங்கம் இல்லை, நெல் வயலும் இல்லை. அப்போது மலாயாவுக்குச் சோறு போட்டவை ரப்பரும் ஈயமும்தான். அப்படியிருந்தும் இரண்டுக்கும் இடம் கிடைக்கவில்லை. மாநிலங்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாட்டை வரைந்து காட்டும் சின்னம் அது. அதனால் அரசுகளின் நிறங்களும் ஆயுதங்களும் அடையாளங்களும் மட்டும் அதில் ஏறின. நிலத்தில் பாடுபட்டவர்கள் எந்த இனமானாலும் அதற்குள் வரவில்லை.

ஆனால் சின்னம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி நான் இதைக் கடந்துபோக மாட்டேன். ஜொகூர் மாநிலச் சின்னத்தைப் பாருங்கள். அதில் மிளகும், தோல் பதனிட உதவும் கம்பீர்ச் செடியும் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் காட்டை வெட்டிப் பயிரிட்டவை அவை, அந்த மாநிலத்தை வளர்த்தவை. கெடா, பெர்லிஸ் சின்னங்களில் நெற்கதிர் உண்டு. ஆக, பயிருக்கும் பாட்டுக்கும் சின்னத்தில் இடம் கொடுக்க இந்த நாட்டுக்குத் தெரியும். ரப்பருக்கும் கொடுத்திருக்கலாம். அதற்கான தகுதி ரப்பருக்கு முழுமையாக உண்டு என்று நினைக்கிறேன். பையன் கேட்டது நியாயமான கேள்வி என்று அவனிடமே சொல்லுங்கள்.

மலாக்கா மரத்தைப் பற்றி இன்னொரு ஆசிரியர் உங்களிடம் வந்து சொல்லக்கூடும். அது நம் நெல்லி மரம்தான், அதியமான் ஔவைக்குக் கொடுத்தானே, அதே நெல்லி. பாக்கும் நம் வெற்றிலைத் தட்டில் இருப்பது, செம்பருத்தியும் நாம் சாமிக்கு வைப்பது. ஆகவே இதெல்லாம் நம்முடையதே என்று அவர் பேசுவார். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நெல்லி அங்கே நிற்பது, மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா அதன் நிழலில் உட்கார்ந்தபோது ஒரு சருகுமான் வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதாம் என்ற மலாக்காவின் கதைக்காக. பிள்ளைகள் அந்த மரத்தை அடையாளம் கண்டு மகிழட்டும், அதைத் தடுக்க வேண்டாம். அதை வைத்து உரிமை கொண்டாடக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். நம் ஆட்கள் இங்கே செய்த வேலைக்கு நேரடியான சாட்சிகள் இருக்கும்போது, வேறொரு கதைக்காக நிற்கும் மரத்தை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

ஒரு சாட்சியைச் சொல்கிறேன். 1957ல், சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன், மலாயாக் கூட்டரசு 4 தபால்தலைகளை வெளியிட்டது. 12 காசுத் தலையில் நாட்டுச் சின்னம், 25 காசில் ஈயவாரிக் கப்பல், 30 காசில் நாட்டின் வரைபடம். 6 காசுத் தலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காட்சி! சின்னத்துக்குள் இடம் கிடைக்காத வேலை, அதே வரிசையில் சின்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தபால்தலை சேர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பெரிதாக்கி அச்சடித்து வகுப்பில் ஒட்டுங்கள்.

இன்னொன்று உங்களுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பிரேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக இந்தப் பக்கம் வந்தன. 1877ல் அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்றை நிலத்துறை அலுவலகம் பக்கம் இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மாவட்டமே உங்கள் மாவட்டம்தான். முடிந்தால் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பையனின் தாத்தாவால் நடக்க முடியும் என்றால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கோடு கிழிப்பது, பால் வடியும் மங்கு எங்கே மாட்டுவது, கோட்டில் காய்ந்த ஒட்டுப்பால் எப்படி உரிப்பது, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எப்படி ஓடுவது எல்லாவற்றையும் அவர் சொல்லட்டும். பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அங்கேயே அந்த மரத்தை வரையச் சொல்லுங்கள். ஜாத்தா நெகாரா படத்துக்குள் அதைத் திணிக்க வேண்டாம், தனித் தாளில் வரைந்து பக்கத்தில் ஒட்டினால் போதும்.

வரைவது பற்றியும் ஒன்று. மலாக்கா மரத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் மாமரம் மாதிரி பெரிய இலை வைத்து வரைந்துவிடுகிறார்கள். நெல்லிக்குச் சின்னச் சின்ன இலைகள் காம்பின் இரு பக்கமும் நெருக்கமாக வரிசையாக இருக்கும். தோட்டத்தில் யார் வீட்டிலாவது நெல்லி மரம் இருந்தால் ஒரு கொத்து ஒடித்து வந்து மேசையில் வைத்துவிட்டு வரையச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்