பணம் கேட்கும் ஆய்விதழ்: என் கட்டுரையை நானே இணையத்தில் போடலாமா?

கேள்வி: கொடைக்கானலில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்ப் பொதுநூலகத்துக்கு இணையதளம் தொடங்குகிறோம். பழனி மலைச் சோலைக்காட்டு மரங்களைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்விதழில் எழுதினேன். இப்போது அதைப் படிக்க என்னிடமே பணம் கேட்கிறது அந்த இதழின் தளம். அதை எங்கள் தளத்தில் போடலாமா? நூலகத்திலுள்ள, ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஃபைசனின் பழைய தாவர நூலையும், 1990-களில் வந்த ஒரு ஊர் வரலாற்றுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றலாமா?

பதில்: ஐயா, முதலில் ஒரு தாளைத் தேடுங்கள். கட்டுரையை ஏற்றபோது இதழ் அனுப்பி, நீங்கள் கையெழுத்திட்டுத் திருப்பிய உரிமைப் படிவம். எழுதியவர்தான் முதல் உரிமையாளர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அந்த உரிமை கைமாறாது. 'வெளியாகும் படைப்புகளின் உரிமை எங்களுக்கே' என்று இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்துவிட்டால் மட்டும் ஆகிவிடாது. படிவமே போடவில்லையென்றால் தயங்காமல் ஏற்றுங்கள்.

போட்டிருந்தால், எத்தனை வருடத்துக்கு என்று அதில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலானோர் படிக்காமல் விடும் இடம் இது. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளோடு முடிந்துவிடும் என்கிறது அதே பிரிவு; உங்கள் கையெழுத்து 2014-லேயே காலாவதி ஆகியிருக்கும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆனால் பெரிய பதிப்பகங்களின் வக்கீல்கள் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர்கள். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். வெளிநாட்டு இதழ் என்றால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்றும் எழுதியிருப்பார்கள்.

அப்போதும் ஒரு வழி உண்டு. மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து நீங்கள் கடைசியாக அனுப்பினீர்களே, அந்த வேர்டு கோப்பை ஆசிரியரே தம் தளத்தில் போட்டுக்கொள்ளப் பல இதழ்கள் விடுகின்றன. இதழின் முத்திரையும் பக்க எண்ணும் உள்ள பிடிஎஃப்தான் கூடாது. நூலகத் தளத்துக்கும் இது செல்லுமா என்று இதழின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். 'திறந்த அணுக்கத்துக்கு (யாரும் இலவசமாகப் படிக்கும்படி) மாற்றித் தருகிறோம், கட்டணம் இவ்வளவு' என்று மின்னஞ்சல் வந்தால் ஓய்வூதியத்தில் கை வைத்துவிடாதீர்கள்.

ஃபைசன் சுலபம். நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்கள் பற்றிய அவர் நூல் 1915-இல் வெளிவரத் தொடங்கியது. அவர் மறைந்தது 1947. மறைந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து பதிப்புரிமை 60 வருடம் என்பது கணக்கு. ஆக 2008 முதல் அவர் எழுத்து பொதுச்சொத்து. (முன்பு 50 வருடம்தான். 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்து பொதுவாகவிருந்த நேரத்தில் 60 ஆக்கினார்கள்!) படங்களை மட்டும் கவனியுங்கள். வரைந்தவர் வேறு ஆள் என்றால் அவருக்குத் தனிக்கணக்கு. இந்நூலில் ஃபைசனின் மனைவியும் வரைந்திருக்கிறார். முன்னுரையில் பெயர்களைப் பார்த்து, அவர்கள் மறைந்த ஆண்டைச் சரிபார்த்தபின் படப் பக்கங்களை ஏற்றுங்கள். ஸ்கேன் பழைய பிரதியிலிருந்தே இருக்கட்டும். மறுபதிப்பில் புதிதாகச் சேர்த்த முன்னுரையும் குறிப்பும் இன்னொருவர் சொத்து.

1990-களின் புத்தகத்தை ஏற்றக் கூடாது. வணிக நோக்கமில்லாத பொதுநூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஊருக்கெல்லாம் இணையத்தில் திறந்துவிட அல்ல. கடையில் கிடைக்கவில்லை என்பதும் காரணமாகாது. எழுதியவரிடமோ வாரிசுகளிடமோ அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். போனில் 'போட்டுக்கோங்க சார்' என்றது போதாது. ஆசிரியரின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தால் இந்தச் சிரமமே இல்லை.

உங்கள் கட்டுரையின் உரிமை உங்களிடமே இருப்பது உறுதியானால், முதல் பக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் (யாரும் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமம்) உரிம வரி ஒன்றைச் சேருங்கள். அது இல்லாவிட்டால் படிப்பவர்கள் படிக்கலாம். மொழிபெயர்த்து வெளியிடவோ, அச்சிட்டு விநியோகிக்கவோ ஒவ்வொரு முறையும் உங்களைத் தேடி வரவேண்டும். இதழின் தயவில் வேர்டு கோப்பை மட்டும் ஏற்றுகிறீர்கள் என்றால் அந்த வரியைப் போடாதீர்கள். கொடுக்கும் உரிமை அப்போது உங்களிடம் இல்லை.