தொப்புள்கொடியைத் தாயத்தில் வைத்ததும் ஆய்வகத்தில் குருத்தணு வளர்ப்பதும் ஒன்றுதானா?

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். தொப்புள்கொடித் திசுவிலிருந்து ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களை எவ்வாறு பிரித்து வளர்க்கிறார்கள் என்பது ஒன்று. காய்ந்து விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டிய நம் முன்னோரும் இதே அறிவைத்தானே கடைப்பிடித்தார்கள் என்பது மற்றொன்று. உங்கள் வீட்டில் விரைவில் ஒரு பிரசவம் இருக்கிறது என்றும், திசுவைச் சேமித்து வைக்கப் பணம் கட்டுமாறு யாரோ பேசியிருக்கிறார்கள் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். என்னிடம் நேரில் இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்டவர்கள் எல்லோரும் அந்த நிலையில்தான் இருந்தார்கள்.

காரைக்குடியில் ஆய்வு மாணவியாக இருந்த மூன்று ஆண்டுகளும் நான் தொப்புள்கொடித் திசுவில்தான் வேலை செய்தேன். கொடியிலிருந்து செல்லை வெளியே எடுப்பது கடினமான வேலை அன்று. இடம் கொடுத்தால் அது தானாகவே வெளியே வரும். அதை உயிரோடு ஆய்வகம் வரை கொண்டுவந்து சேர்ப்பதும், வேறு உயிர் எதுவும் கலந்துவிடாமல் காப்பதும்தான் வேலை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை இதற்குள் இருக்கிறது.

நிறைமாதக் குழந்தையின் கொடி ஏறத்தாழ 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதனுள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் ஓடுகின்றன. குழந்தை புரண்டாலும் கொடி முறுக்கிக்கொண்டாலும் அவை நசுங்கிவிடாதபடி, நுங்கு போல வழவழப்பான ஒரு கூழ் சுற்றிலும் நிறைந்திருக்கிறது. 1656ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் இதை வார்ட்டன் கூழ் என்கிறோம். ஹையலூரானிக் அமிலமும் கொலாஜன் இழைகளும் நிறைந்த இந்தக் கூழுக்குள் ஆங்காங்கே தனித்தனியாகக் கிடக்கும் செல்களைத்தான் நாங்கள் தேடுகிறோம். மெக்எல்ரீவியும் உடன் பணியாற்றியவர்களும் 1991இல் இவற்றைப் பிரித்து வளர்த்ததை வெளியிட்டார்கள். கொடியின் இரத்தம் வேறு, கொடியின் திசு வேறு என்பதையும் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் இருப்பவை இரத்த அணுக்களை உண்டாக்கும் குருத்தணுக்கள். 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழுவினர் ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோய் கொண்ட ஒரு சிறுவனுக்குச் செலுத்தியது அவற்றைத்தான். கூழில் இருப்பவை மீசன்கைமல் வகையைச் சேர்ந்தவை. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்புச் செல்களாக மாறக்கூடியவை, இரத்தத்தை உண்டாக்குபவை அல்ல.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பின், அறுவைப் பிரசவத்துக்கு நாள் குறிக்கப்பட்ட தாய்மார்களிடம் ஒப்புதல் படிவத்துடன் நானே சென்றேன். அறுவைப் பிரசவத்தில் கிடைக்கும் கொடியில் கிருமிக் கலப்பு குறைவு. கல்லல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாயின் மாமியார், “அதை எடுத்துக்கிட்டுப் போயி என்ன செய்வீக? பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?” என்று கேட்டார். குழந்தையின் வயிற்றோடு ஒட்டிய துண்டு குழந்தையிடமே இருக்கும் என்றும், நஞ்சுக்கொடியோடு சேர்த்து மஞ்சள் பையில் போட்டு மருத்துவக் கழிவாக அனுப்பப்படும் மீதிக் கொடியையே நாங்கள் கேட்கிறோம் என்றும் விளக்கினேன். அவர் முதலில் மறுத்தார். மறுநாள் தாமே என்னை அழைத்துச் சம்மதம் சொன்னார்.

அந்தக் கொடியை நான் இழந்தேன். வெறும் புட்டியை மட்டும் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அறுவை அரங்கில் எடுக்கப்படும் திசுக்கள் நோய்க்கூறியல் சோதனைக்குச் செல்வதே வழக்கம் என்பதால், செவிலியர் அதில் ஃபார்மலினை ஊற்றிக் கொடியை இட்டுவிட்டார். ஆய்வகத்தில் மூடியைத் திறந்தபோது கண் எரிந்தது. கொடி வெளுத்து விறைத்திருந்தது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அப்படியே நிறுத்திவிடும். பார்வைக்குக் கெடாத அந்தத் திசுவில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிஞ்சாது. செவிலியரை நான் குறை சொல்லவில்லை, கரைசலை நிரப்பாமல் புட்டியை அனுப்பியது என் பிழை. ஆனாலும் அந்தப் பெரியவளின் தயக்கத்தைக் கடந்து கிடைத்த கொடி அது என்பதால், அன்றிரவு என்னால் சாப்பிட முடியவில்லை. அதன் பிறகு நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த உப்புக் கரைசலை நானே நிரப்பிக் கொடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி அளவில் கொடியைக் கொண்டுவந்து, சில மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். 24 மணி நேரம் வரை தாங்கும் என்பார்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பி உட்கார முடியாது.

நான் கையாண்டது துண்டு வளர்ப்பு முறை. தூய காற்று ஓட்டமுள்ள பெட்டிக்குள் கொடியை இரத்தம் போகும் வரை திரும்பத் திரும்பக் கழுவி, சில சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நீளவாக்கில் பிளந்து, மூன்று இரத்தக் குழாய்களையும் இடுக்கியால் உரித்து எடுக்க வேண்டும். குழாயின் உட்சுவர்ச் செல்கள் தங்கிவிட்டால் அவையும் வளர்ந்து குழப்பும். தமனிகள் வெண்மையாக, விறைப்பாக இருப்பதால் எளிதில் பிடிபடும்; சிரையின் சுவர் மெல்லியது என்பதால் பொறுமை வேண்டும். மீதிக் கூழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தட்டில் இடைவெளி விட்டு வைத்து, பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே ஒட்டவிட்டு, பிறகே ஊட்டக் கரைசலைத் துண்டுகள் நனையும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். கரைசலைத் தாராளமாக ஊற்றினால் துண்டுகள் மிதந்துவிடும். மிதக்கும் துண்டிலிருந்து செல் தட்டுக்கு இறங்காது. இந்த ஒரு நுணுக்கத்தை எவரும் எனக்கு எழுதித் தரவில்லை. இரண்டு கொடிகளை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு 37 டிகிரியில், 5 விழுக்காடு கரியமில வாயு உள்ள காப்புப் பெட்டியில் வைத்துவிட்டு, முதல் மூன்று நான்கு நாட்கள் தட்டை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். ஒருமுறை ஐந்தாம் நாளில் கரைசல் கலங்கியது. நுண்ணோக்கியில் பார்த்தபோது மொட்டுவிட்டுப் பெருகும் ஈஸ்ட். தட்டுகள் அனைத்தையும் அழித்துவிட்டுக் காப்புப் பெட்டியையும் அதன் நீர்த் தட்டையும் கழுவி, முதலிலிருந்து தொடங்கினேன். அதற்கு அடுத்த கொடியில், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்த நாளன்று, துண்டு ஒன்றின் விளிம்பிலிருந்து நடுவில் தடித்து இரு முனையும் கூர்ந்த செல்கள் வரிசையாக வெளியேறித் தட்டில் பரவியிருப்பதைக் கண்டேன். அது பதினோராம் நாள். தெருவில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை.

நொதி முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று துறையினர் சொல்லக்கூடும். கொலாஜனேஸ் போன்ற நொதிகளால் கூழைக் கரைத்தால் செல்கள் விரைவில் கைக்கு வரும் என்பது உண்மை. ஆனால் நொதிக்குச் செலவு உண்டு. சற்று அதிக நேரம் விட்டால் செல்லையே காயப்படுத்தும். எங்களைப் போன்ற சிறிய ஆய்வகத்துக்குக் காத்திருப்பதே ஏற்றது என்பது என் முடிவு.

தட்டின் பரப்பில் 70, 80 விழுக்காடு நிரம்பியதும் டிரிப்சின் என்ற நொதியால் செல்களைப் பிரித்துப் புதிய தட்டுகளுக்கு மாற்ற வேண்டும். அவை நாம் தேடியவைதாம் என்று நிரூபிக்க, செல் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 2006இல் வகுத்த அளவுகோல் இருக்கிறது: ஞெகிழித் தட்டில் ஒட்டி வளர வேண்டும், சிடி73, சிடி90, சிடி105 ஆகிய மேற்பரப்புப் புரதக் குறிகளைக் குறைந்தது 95 விழுக்காடு செல்கள் தாங்க வேண்டும், சிடி34, சிடி45 போன்ற இரத்தச் செல் குறிகள் 2 விழுக்காட்டுக்கு மேல் தென்படக் கூடாது, எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்புச் செல்களாக மாறிக் காட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து, எலும்புச் செல்லாக மாறியதற்கு அடையாளமான சுண்ணாம்புப் படிவு அலிசரின் சாயத்தில் சிவந்து தெரிந்தபோதுதான் என் வழிகாட்டி முகத்தில் நிறைவைக் கண்டேன். இவற்றை எல்லா நோய்க்கும் மருந்தாகப் பேசுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். மீசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991இல் பரவச் செய்த ஆர்னால்ட் கேப்லனே, ‘ஸ்டெம் செல்’ என்பது நோயாளிகளைத் தவறாக எண்ணவைக்கிறது என்று 2017இல் பெயரை மாற்றக் கோரினார்.

இனித் தாயத்து. முன்னோரை இழிவுபடுத்துகிறேன் என்று என்மீது கோபம் கொள்ள வேண்டாம். என் வெள்ளித் தாயத்து இன்றும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது, அதை நான் போற்றுகிறேன். ஆனால் தாயத்துக்குள் போவது குழந்தையின் வயிற்றில் காய்ந்து, ஓரிரு வாரத்தில் தானே உதிரும் துண்டு. இரத்த ஓட்டம் நின்று, நீர் வற்றி, செல்கள் இறந்த பிறகே அது உதிர்கிறது. என் அப்பத்தாவுக்கு இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது மாடுகளுக்குப் போடும் சினை ஊசிதான். கால்நடை மருத்துவமனையில் மூடியைத் திறந்தால் புகை எழும் அந்தக் கலன் எதற்கு என்று அவரே கேட்டிருக்கிறார். அதில் இருப்பது காளையின் விந்தணுவை உயிரோடு காக்கும் திரவ நைட்ரஜன், −196 டிகிரி. எங்கள் செல்களையும் உறைகாப்புப் பொருளான டிஎம்எஸ்ஓ 10 விழுக்காடு கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிர்வித்து, அதே குளிரில்தான் வைக்கிறோம். “அப்ப அந்தக் குளுரு இல்லாட்டி உசுரு நிக்காதாத்தா?” என்றார் அப்பத்தா. நிற்காது என்றேன். தாயத்தைத் தூக்கி எறியச் சொல்கிறேனோ என்று அஞ்சினார்; அப்படி நான் ஒருபோதும் சொல்லவில்லை.

பணம் பற்றிய என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை நிறைமாதமாக இருந்தபோது, திசுவைச் சேமிக்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலத்தைக் கைவிட்டவளாவாய் என்ற தொனியில் அவளிடம் ஒருவர் தொலைபேசியில் பேசினார், அவள் அழுதாள். 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள் தொப்புள்கொடி இரத்தச் சேமிப்புக்கு மட்டுமே இடமளிக்கின்றன. திசு, நஞ்சுக்கொடி, பல் முதலியவற்றைச் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்பதே அவற்றின் நிலை. உங்களிடம் பேசுகிறவரிடம் திசுவைச் சேமிக்க எந்த உரிமத்தை வைத்திருக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வுக்காக எவரேனும் பணம் கேட்காமல், நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன், ஒப்புதல் படிவத்தோடு வந்தால், நிதானமாகப் படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் கொடியைக் கொடுங்கள். புட்டியில் கரைசல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.