பர்னர் நுனியில் வெள்ளை வளையம் கட்டுவது ஏன்? வாசகர் கேள்வி-பதில்

ஒளியிழை ப்ரீஃபார்ம் (இழையாக இழுக்கப்படும் தடித்த கண்ணாடித் தண்டு) செய்யும் பர்னர் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில். சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியை ஹைட்ரஜன்-ஆக்சிஜன் சுடரில் விட்டு, உண்டாகும் சிலிக்கா வெண்துகளைச் சுழலும் தண்டின் மேல் படியவைக்கும் முறையைப் பற்றியே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் குவார்ட்ஸ் பர்னரில் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து குழாய்கள். நடுவில் ஆவியும் ஆக்சிஜனும், அடுத்து ஆர்கான், ஹைட்ரஜன், மீண்டும் ஆர்கான், வெளியே ஆக்சிஜன். இரண்டு மணி நேரம் ஓடினால் நுனியில் வெள்ளை வளையம் கட்டி, உதிர்ந்து ப்ரீஃபார்மில் ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜனைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: ஹைட்ரஜனைக் குறைத்தால் சுடர் குட்டையாகி நுனிக்கு இன்னும் நெருங்கி வரும்; படிவு குறைய வழியில்லை. சுடரின் சூட்டை விடுங்கள், வினை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆவியும் சுடரில் உண்டாகும் நீராவியும் குழாய் வாயிலேயே சந்தித்தால் துகள் அங்கேயே பிறந்து அங்கேயே ஒட்டும். இந்தச் சந்திப்பைச் சில மில்லிமீட்டர் தள்ளிப்போடுவதுதான் முதல் ஆர்கான் வளையத்தின் வேலை. அதைப் பத்துப் பத்து விழுக்காடாகக் கூட்டிப் பாருங்கள். அளவு மீறினால் சுடர் குளிர்ந்து, படிவு பொலபொலவென்று ஆகிவிடும்.

அடுத்து குழாயின் விளிம்பு. பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்றுநீர் சுழல்வது போல, தடித்த விளிம்புக்கு முன்னால் வாயு சுழலும். துகள் அதில் மாட்டித் திரும்பி வந்து விளிம்பில் அப்பிக்கொள்ளும். விளிம்பு 1.5 மி.மீ. இருந்தால் சாய்வாகத் தேய்த்து 0.5 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து, நெருப்பில் காட்டி வழவழப்பாக்குங்கள். தேய்த்தபின் இடைவெளி மாறியிருக்கும், வேகக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

அந்தக் கணக்கு எளிது. வெளிக்குழாயின் உள்விட்டம் 12 மி.மீ., உள்குழாயின் வெளிவிட்டம் 10 மி.மீ. என்றால் வளையத்தின் பரப்பு சுமார் 34.6 சதுர மி.மீ. அதில் நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் வேகம் நொடிக்கு 4.8 மீட்டர். இப்படி ஐந்து வழிக்கும் எழுதிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஓட்டங்களின் வேகம் பெரிதும் வேறுபட்டால் அவற்றுக்கு இடையே சுழல் எழுந்து, காப்பு ஆர்கான் கிழிந்துபோகும். லிட்டரை மட்டும் பார்த்து வால்வைத் திருகுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

தொடங்கும் வரிசையும் முக்கியம். நடுக்குழாயில் ஆர்கான் ஓட, சுடரை ஏற்றி, தண்டு சூடேறியபின் கடைசியாக ஆவியைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது ஆவியை முதலில் மூடி, நடுக்குழாயை ஆர்கானால் கழுவியபிறகே சுடரை அணைக்க வேண்டும். ஆவியைக் கொண்டுவரும் வாயுவில் ஈரம் இருந்தால் குழாய்க்குள்ளேயே சிலிக்கா கட்டிவிடும். பிறகு நுனியை எவ்வளவு திருத்தினாலும் வீண்.

படிந்ததைக் கம்பியால் சுரண்ட வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த படிவு முதலில் பிடிக்கும். நீர்த்த ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் படிவைக் கரைக்கும், ஆனால் குவார்ட்ஸையும் சேர்த்து அரிக்கும். ஒவ்வொரு முறையும் இடைவெளியை அளந்து குறித்துவையுங்கள். தோலில் பட்டால் ஆபத்தான அமிலம், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது.

ஒரு துணுக்கு விழுந்தால் என்ன என்று நினைப்பவர்களுக்கு: 100 மி.மீ. விட்டமுள்ள ப்ரீஃபார்மை 125 மைக்ரான் இழையாக இழுத்தால் நீளம் 6,40,000 மடங்காகும். துணுக்கைச் சுற்றி உருவான 1 மி.மீ. நீளக் குமிழி 640 மீட்டர் இழையைக் கெடுக்கும்.

கேள்வி: சுடர் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பர்னர் கோளாறா, புகைபோக்கிக் கோளாறா?

பதில்: பர்னரை அதன் அச்சிலேயே 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள். சாய்வும் சேர்ந்து திரும்பினால் பர்னர்; அதே திசையில் நின்றால் புகைபோக்கியின் இழுப்பு.

பர்னர் என்றால் பெரும்பாலும் குழாய்கள் மையம் விலகியிருக்கும். இடைவெளி 1 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் உள்குழாய் 0.2 மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் 0.8, மறுபக்கம் 1.2 ஆகிவிடும். பார்வைக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு குறுகிய வழியில், சீரான ஓட்டத்தில், வேகம் இடைவெளியின் இருமடிக்கு ஏற்ப மாறும்: அகன்ற பக்கத்தில் 2.25 மடங்கு. கொண்டுசெல்லும் அளவோ மும்மடிக்கு ஏற்ப, சுமார் 3.4 மடங்கு. நான்கு திசையிலும் பின் கேஜ் (விட்டம் தெரிந்த அளவு ஊசி) விட்டுப் பார்த்து, வேறுபாட்டை 0.05 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். புதிதாகச் செய்யச் சொல்லும்போது, நுனியிலிருந்து சற்று உள்ளே மூன்று சிறு குவார்ட்ஸ் முட்டுகள் வைக்கச் சொல்லுங்கள். முட்டு நுனிக்கு மிக அருகில் இருந்தால் அதன் நிழல் சுடரில் விழும்.

கேள்வி: ஆவியைக் கூட்டினாலும் தண்டில் ஏறும் எடை அந்த அளவுக்குக் கூடவில்லையே?

பதில்: துகள் மிக நுண்ணியது, மோதி ஒட்டுவதைவிட, சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டே ஒட்டுகிறது. சுடருக்கும் படிவுப் பரப்புக்கும் வெப்ப வேறுபாடு அதிகமானால் ஒட்டுவதும் அதிகமாகும். ஒரே இடத்தைச் சூடேற்றிக்கொண்டே இருந்தால் அந்த வேறுபாடு போய்விடும். தண்டைப் பர்னர் கடக்கும் வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டு பர்னர் இருந்தால் இடையே குளிர இடம் விடுங்கள். தொடக்கத்தில் தண்டு ஒல்லி, சுடரில் பாதி அதைத் தொடாமலே போகும். அப்போது ஆவியைக் குறைவாக விட்டு, விட்டம் பெருகப் பெருக ஏற்றுங்கள், பர்னரையும் பின்னுக்கு நகர்த்தி இடைவெளியைக் காத்துவாருங்கள்.

வெளி வளையத்துக்குப் பதிலாக, ஹைட்ரஜனுக்குள் பல சிறு ஆக்சிஜன் நாசில்களை ஒரே புள்ளியை நோக்கிச் சாய்த்து வைக்கும் வடிவம் துகள் தாரையைக் குவித்துவைக்கும். குவியம் எல்லா நாசிலுக்கும் ஒன்றாக இருந்தால்தான் பலன்.

படிவைக் குளிரவைப்பதற்கும் எல்லை உண்டு. படிவின் அடர்த்தி மிகக் குறைந்தால் அதில் விரிசல் விழும். மிகக் கூடினால் பின்னர் உலர்த்தும் குளோரின் உள்ளே போகாது. அப்போது உள்ளே தங்கிவிடும் ஹைட்ராக்சில் (ஈரத்தின் எச்சம்) 1383 நானோமீட்டரில் ஒளியை விழுங்கும்.

கேள்வி: குவார்ட்ஸ் அடிக்கடி உடைகிறது. எஃகில் செய்யலாமா?

பதில்: சிலிக்கான் டெட்ராகுளோரைடுக்கு வேண்டாம். 1 கிலோ சிலிக்காவுக்கு ஏறக்குறைய 2.4 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுகிறது. ஈரம் சேர்ந்ததும் அது எஃகைத் தின்னும், கரைந்த இரும்பு கண்ணாடிக்குள் போகும்.

கேள்வி: டெட்ராகுளோரைடுக்குப் பதிலாக, குளோரின் இல்லாத சிலாக்சேனை (சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த கரிமச் சேர்மம்) விட்டால் இதே பர்னர் போதுமா?

பதில்: போதாது. ஆக்டாமெத்தில் சைக்ளோடெட்ராசிலாக்சேன் என்ற சிலாக்சேன் தானும் ஓர் எரிபொருள். ஒரு மூலக்கூறுக்கு 16 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். அவ்வளவும் சுடரின் ஓரத்திலிருந்து ஊடுருவி வர நேரம் இருக்காது. அதனால் நடுக்குழாயிலேயே ஆக்சிஜன் கலக்கிறார்கள்; போதாமல் போனால் துகளில் கரி ஏறும். கலந்தபின் வாயிலில் வேகம் சுடர் பரவும் வேகத்துக்குக் கீழே இறங்கினால் நெருப்பு உள்ளே பாயும், ஆகவே நடுக்குழாயின் விட்டத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். கொதிநிலையும் டெட்ராகுளோரைடின் 57-லிருந்து 175 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. வேப்பரைசர் (திரவத்தை ஆவியாக்கும் கருவி) முதல் பர்னர் வரை குழாய் முழுவதும் சூடாக இருக்க வேண்டும், வளைவிலும் இணைப்பிலும்கூட ஒரு குளிர்ந்த இடம் விடக் கூடாது. இல்லையென்றால் அங்கே ஆவி திரவமாகித் தேங்கும், சுடர் விட்டுவிட்டுத் துடிக்கும்.