பாட்டில் பாம்: மஞ்சள் ஓலையை வெட்டலாமா?

கேள்வி: நர்சரியில் வாங்கி நட்ட பாட்டில் பாம், வாசலில் நான்கு ஆண்டுகளாக அடி பருத்து நிற்கிறது. மொத்தமே ஐந்து ஓலை. அடியில் உள்ள இரண்டிலும் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து மஞ்சளாகிறது. தோட்டக்காரர் வெட்டச் சொல்கிறார். இது அழிந்துவரும் மரம் என்கிறார்களே, வீட்டில் வைத்திருப்பது தவறா?

பதில்: முதலில் அரிவாளை உள்ளே வையுங்கள். நம் ஊரில் ராயல் பாமையும் பாட்டில் பாம் என்றே விற்கிறார்கள். ஆனால் அடி பருத்து, ஐந்தே ஓலையோடு நிற்பதால் உங்களுடையது மொரீஷியஸ் மரம்தான். இதற்கு எப்போதுமே நான்கிலிருந்து ஆறு ஓலைதான் இருக்கும்.

நீங்கள் சொல்வது சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் குறைபாட்டின் அடையாளம். மண்ணில் பொட்டாஷ் போதாதபோது மரம் பழைய ஓலையிலிருந்து அதை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. அந்த ஓலையை வெட்டினால் அடுத்த ஓலையில் கைவைக்கும். முழுக்கக் காய்ந்து பழுப்பானதை மட்டும் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுமார் 100 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ், அதில் பாதி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), இரண்டையும் தண்டிலிருந்து ஓரடி தள்ளித் தூவி நீர் விடுங்கள். யூரியா மட்டும் போட்டு வந்தால் நிறுத்துங்கள். அது குறைபாட்டை இன்னும் கூட்டும். புள்ளி விழுந்த ஓலை மறுபடி பச்சையாகாது. புது ஓலைகள் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள், ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பருத்த அடி தண்ணீர்த் தொட்டி இல்லை. அதை நம்பிக் கோடையில் காயப்போடுபவர்கள் நிறையப் பேர்.

வைத்திருப்பது தவறே இல்லை. நர்சரிக் கன்றுகள் விதையிலிருந்து வளர்த்தவை. இதன் பூர்வீகம் மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் விட்ட ஆடும் முயலும் முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்து, முதிர்ந்த மரங்கள் பத்துக்கும் கீழே போய்விட்டன. ஆடுகளை 1979க்குள்ளும் முயல்களை 1986க்குள்ளும் அகற்றிய பிறகுதான் கன்றுகள் தலைதூக்கின. உலகமெங்கும் தோட்டங்களில் இத்தனை மரம் இருந்தும் அந்தத் தீவு மரங்களுக்கு அவை ஈடாகாது. ஏனென்றால், பக்கத்தில் இதன் உறவுக்காரப் பனையான ஸ்பிண்டில் பாம் நின்றால் இரண்டும் கலந்து கலப்பினக் கன்றுகள் வந்துவிடும்.

உங்கள் மரம் காய்த்தால், பழுத்த காயின் தோலை உரித்து ஈர மணலில் போடுங்கள். முளைக்க ஆறு மாதம்கூட ஆகலாம், அதற்குள் தோண்டிப் பார்க்காதீர்கள்.