நாலு வருடம் கிடந்த மோட்டார் போட்டின் ஸ்டெர்ன்டிரைவ்: கியர் ஆயில் மோர் நிறத்தில் வருகிறது, சரிசெய்து முத்துப்பேட்டையில் ஓட்டலாமா?

கேள்வியின் சுருக்கம்: 1980களின் கடைசியில் கட்டிய ஃபைபர் போட். உள்ளே பெட்ரோல் எஞ்சின், பின்னால் முதல் தலைமுறை மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவ் (எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கடத்தும் வெளிப் பெட்டி; இந்த அமைப்புதான் ஸ்டெர்ன்டிரைவ்). நாலு வருடம் கொட்டகையில் கிடந்தது. கீழ் ஸ்குரூவைத் திறந்தால் ஆயில் மோர் போல வருகிறது. முத்துப்பேட்டைக் காயலில் ஓட்ட வேண்டும்.

ஓட்டலாம். ஆனால் இன்றைக்கே பேரிங், சீல் என்று பட்டியல் போட்டு வாங்க வேண்டாம். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்டெர்ன்டிரைவில் பல்சக்கரம் தானாகக் கெடுவது அபூர்வம். தண்ணீர் புகுந்து, ஆயில் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, அதன் பிறகுதான் பல் தேயும். வழியை அடைக்காமல் பாகத்தை மாற்றினால் அடுத்த ஆண்டும் அதே மோர்தான் வரும்.

டிரைவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பின்பலகை. எஞ்சின் படகுக்குள், டிரைவ் வெளியே. இரண்டையும் இணைக்கப் பின்பலகையில் பெரிய ஓட்டை போட்டிருப்பார்கள். அந்தக் காலத்துப் படகுகளில் ஃபைபருக்கு நடுவே பிளைவுட் இருக்கும். ஓட்டையின் விளிம்பில் அடைப்பு விட்டுப்போனால் பிளைவுட் தண்ணீர் குடித்து ஊறி மட்கும். சின்னச் சுத்தியலால் ஓட்டையைச் சுற்றித் தட்டுங்கள். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘தொப்’ என்று கேட்கும் இடத்தில் படகின் உட்புறத்திலிருந்து 4 மி.மீ. டிரில்லால் அரை அங்குலம் மட்டும் துளையிடுங்கள். ஈரமான கறுப்புத் தூள் வந்தால் முதல் வேலை பலகைதான். மட்கிய பலகையில் டிரைவை மாட்டுவது உயிருக்கே ஆபத்து. தூள் காய்ந்து மர நிறத்தில் வந்தால் துளையை எபாக்ஸியால் அடைத்துவிட்டு மேலே போகலாம்.

அடுத்தது ஆயில். முழுவதையும் கண்ணாடி ஜாடியில் வடித்து ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்தால் நிறையவே புகுந்திருக்கிறது. காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் குழைந்த மாவு போல ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் பட்டால் குத்தும் செதில் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. செம்பழுப்பு நிறம் உள்ளே துரு இருப்பதைக் காட்டும். உங்கள் டிரைவ் நாலு வருடம் அசையாமல் கிடந்ததால் உருளைகள் நின்ற இடத்திலேயே துரு வரி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். கையால் சுற்றினால் அது சொரசொரப்பாகத் தெரியும்.

கழற்றுவதற்கு முன் காற்றுச் சோதனை செய்தாக வேண்டும். பலரும் தாண்டிப்போகும் கட்டம் இதுதான். ஆயிலை வடித்த பின் மேலே உள்ள வென்ட் (காற்றுப் போக்கி) துளையில் கேஜ் வைத்த கைப்பம்பைப் பொருத்தி, மற்றத் துளைகளை அடைத்து, முதலில் 3 முதல் 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். கேடான சீல் குறைந்த அழுத்தத்தில்தான் கசியும். அழுத்தம் கூடினால் சீலின் ரப்பர் உதடு ஷாஃப்டை இறுக்கிப் பிடித்து நல்ல சீல் போல நடிக்கும். ஐந்து நிமிடம் நின்றால் 12க்கு உயர்த்துங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டையும் மேலே யு-ஜாயின்ட் (டிரைவ் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) பக்கத்து ஷாஃப்டையும் சுற்றிக்கொண்டே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழ் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் குறியிடுங்கள். பிறகு வேக்குவம் பம்பால் உறிஞ்சியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில சீல்கள் உள்ளிருந்து வரும் ஆயிலைத் தடுத்து, வெளியிலிருந்து வரும் தண்ணீரை விட்டுவிடும். வடிகால் ஸ்குரூவின் வாஷரையும் பாருங்கள். பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டதுதான் மோருக்குக் காரணம் என்று தெரிந்தால் பெரிய செலவு மிச்சம்.

டிரைவை இறக்கும்போது ஆல்ஃபாவை ஃபார்வர்டு கியரில் போட்ட பிறகே இழுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஷிஃப்ட் இணைப்பு மாட்டிக்கொள்ளும். டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் ராம் இரண்டையும் பின்பக்கம் விடுவித்து, ஆறு நட்டையும் கழற்றி, இரண்டு பேர் தாங்கி நேராகப் பின்னால் இழுங்கள். வராவிட்டால் சேரும் முகத்தில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அந்த முகத்தில் விழும் ஒரு கீறல் புதிய கசிவாகிவிடும். பெரும்பாலும் பின்பலகைப் பக்கம் ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்குக்குள் ஷாஃப்ட் துருவேறிப் பிடித்திருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள்.

இறங்கியதும் பெல்லோஸ் தெரியும். யு-ஜாயின்டுக்கு ஒன்று, புகைக்கு ஒன்று, ஷிஃப்ட் கேபிளுக்கு ஒன்று என மூன்று ரப்பர் துருத்திகள். மடிப்புகளை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். நெல்வயல் சூழ்ந்த ஊரில் கொட்டகையில் கிடந்த படகு என்பதால் எலிக் கடியையும் தேடுங்கள். எப்படி இருந்தாலும் மூன்றையும் மாற்றிவிடுவதே சரி. யு-ஜாயின்ட் பெல்லோஸ் கிழிந்தால் ஜாயின்டும் பேரிங்கும் துருப்பிடிப்பதோடு நிற்காது, கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்கும். ஒட்டும் விளிம்பைப் பழைய பசை ஒரு துளிகூட இல்லாமல் சுரண்டி, பெல்லோஸுக்கான பசையைப் பூசி, சற்றுக் காய்ந்து பிசுபிசுப்பான பிறகு மாட்டி, ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே மாட்டினால் வழுக்கி வெளியே வந்துவிடும்.

கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றிப் பார்க்கையில் மணல் அரைக்கும் உணர்வு இருந்தால் உள்ளிழுப்புப் புல்லர் வைத்து எடுங்கள். புதியதை அடிக்கும்போது கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக வர வேண்டும். அது மாறினால் நீங்கள் வருடமெல்லாம் பம்ப் செய்யும் கிரீஸ் பேரிங்குக்குப் போகவே போகாது. பிறகு எஞ்சின் நேர்கோட்டுச் சோதனை. இதற்குரிய இரும்புத் தண்டு கிடைக்காவிட்டால் திருச்சியிலோ கும்பகோணத்திலோ நல்ல லேத் பட்டறையில் டிரைவ் ஷாஃப்டைக் கையில் கொண்டுபோய், அதே அளவில் கடைந்து வாங்கலாம். நுனியில் கிரீஸ் தடவி, கிம்பல் பேரிங் வழியே எஞ்சின் கப்ளருக்குள் (ஷாஃப்ட் செருகும் பல் வைத்த இணைப்பு) செலுத்துங்கள். இரண்டு விரலால் தள்ளினாலே போக வேண்டும். எடுத்துப் பார்த்தால் கப்ளர் பல்லின் தடம் சுற்றிலும் ஒரே சீராகப் பதிந்திருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ மட்டும் பதிந்தால் எஞ்சினின் முன் மவுண்ட் நட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்யுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் புதுப் பேரிங்கும் கப்ளரும் ஒரே சீசனில் போகும்.

கியர் பெட்டியைப் பற்றி என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். பேரிங்குகளை மாற்றினால் சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவை மறுபடி எடுக்க வேண்டும். பினியன் (சிறிய பல்சக்கரம்) உயரம், பல்லிடைவெளி, பேரிங்கின் முன்னழுத்தம் மூன்றையும் டயல் கேஜ், உரிய அளவுக்கருவி வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சரிசெய்ய வேண்டும். அந்தக் கருவியும் கைப்பழக்கமும் இல்லாத பட்டறையில் பெட்டியைத் திறக்கக் கொடுக்காதீர்கள். காந்தத்தில் செதில் வந்திருந்தால், நல்ல நிலையில் உள்ள பழைய கீழ்ப் பெட்டியை முழுதாக வாங்குவதே மலிவு. செதில் இல்லாமல் பேரிங் மட்டும் போயிருந்தால் ஓரத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு தஞ்சை, திருச்சி பேரிங் கடைகளில் கேளுங்கள். டேப்பர் பேரிங்குகளில் பலவும் பொது எண்ணில் வருபவை. கப், கோன் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சீல் மாற்றுவதுதான் உங்கள் கையால் நிச்சயம் செய்யக்கூடிய வேலை. புரொப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு சீல் முதுகோடு முதுகாக உட்காரும். உள் சீலின் உதடு ஆயில் பக்கமும் வெளிச் சீலின் உதடு தண்ணீர்ப் பக்கமும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கிரீஸ் நிரப்புங்கள். சீல் உரசும் இடத்தில் ஷாஃப்டில் நகம் தடுக்கும் அளவு பள்ளம் இருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் உறை ஏற்றுங்கள், அல்லது ஷாஃப்டை மாற்றுங்கள். பேரிங் கேரியரின் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் பேரிங்கைத் தாங்கும் கூடு) வளைய நட் உப்பேறி இறுகியிருந்தால் நிதானமாகச் சூடு காட்டுங்கள். அசையாவிட்டால் நட்டைத் துளையிட்டு உடைத்து எடுங்கள். போனால் நட் போகட்டும், உடல் மிஞ்ச வேண்டும்.

நம் பகுதியில் இந்தச் சீல்கள் போவதற்கு முதல் காரணம் தங்கூசி, அதாவது நைலான் வலை இழை. அறுந்த வலைத் துண்டு புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றி, சூட்டில் இளகி, சீலுக்கு அடியில் நுழைந்து அறுத்துவிடும். ஓட்டும் காலத்தில் வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அப்படியே ஷாஃப்ட் பல்லில் மெரைன் கிரீஸ் தடவி, நட்டை 75 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். புரொப்பெல்லர் அலுமினியமாகவே இருக்கட்டும். காயலில் பல இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். தரை தட்டினால் அலுமினிய இதழ் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் அதைக் கியருக்கு அனுப்பும்.

ஆல்ஃபாவில் தண்ணீர் பம்ப் கீழ்ப் பெட்டியின் மேலே, டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. கோரையாறும் பாமணியாறும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் அதை உப்புத்தாள் போல அராவும். ரப்பர் இம்பெல்லரை மட்டும் மாற்றினால் போதாது, வரி விழுந்த உறையையும் தகட்டையும் சேர்த்து முழு கிட் போடுங்கள். நாலு வருடம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இதழ் நிமிராது. இதழ்த் துண்டு ஏதாவது குறைந்திருந்தால் அது குழாயிலோ தெர்மோஸ்டாட் பக்கமோ அடைத்திருக்கும், தேடி எடுங்கள். புதியதை மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுழற்றிக்கொண்டே உறையை இறக்க வேண்டும்.

இனி அரிப்பு. வெள்ளைத் தூள் பூத்த இடங்களை நைலான் அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேயுங்கள். சாதாரண இரும்பு பிரஷ் கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கும். நல்ல தண்ணீரில் கழுவி, 80 எண், 180 எண் உப்புத்தாள் போட்டு, அன்றைக்கே அலுமினியத்துக்கான எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே பெயின்ட். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட் டிரைவில் படவே கூடாது. ஹல்லில் அடித்திருந்தாலும் டிரைவைச் சுற்றி 4 செ.மீ. விட்டுவிடுங்கள். செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும்.

அனோடு என்பது டிரைவுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டி. இதில் கடலில் ஓடும் படகுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் யோசனை இங்கே பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகையில் காயலில் ஆற்றுத் தண்ணீர், சித்திரை, வைகாசியில் நல்ல உப்பு. துத்தநாக அனோடு உப்பு குறைந்த தண்ணீரில் மேல்படலம் கட்டி வேலையை நிறுத்திவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், டிரைவ் கரையும். மக்னீசியம் உப்பில் சீக்கிரமே தீர்ந்துவிடும். உவர்நீருக்கு அலுமினிய அனோடுதான். பொருத்தும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி, மாட்டிய பின் மல்டிமீட்டரில் அனோடுக்கும் டிரைவுக்கும் நடுவே பாருங்கள். மின்தடை சுழியை ஒட்டி இருக்க வேண்டும். அனோடின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். பாதி கரைந்தால் மாற்றுங்கள்.

திரும்ப மாட்டும்போதும் ஃபார்வர்டு கியர்தான். ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் புதிது. ஆறு நட்டையும் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் 68 நியூட்டன் மீட்டர் வரை. ஆயில் மெரைன் கியர் ஆயிலாக இருக்க வேண்டும். சிறிது ஈரம் கலந்தாலும் மசகைக் காக்கும் சேர்மானம் அதில் உண்டு. கீழ்த் துளையிலிருந்து பம்ப் செய்து, மேலே குமிழ் இல்லாமல் வழியும் வரை ஏற்றுங்கள். முதலில் மேல் ஸ்குரூவை மூடிவிட்டுப் பிறகு கீழ் பம்பை எடுத்தால் ஆயில் கொட்டாது.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரும்போது எஞ்சின் நின்றுபோனால் கார்பரேட்டரைக் குடையாதீர்கள். கீழ் ஷிஃப்ட் கேபிள் இறுகியிருக்கும், அதை மாற்றுங்கள்.

கரையில் ஓட்டிப் பார்க்க, இயர்மஃப் (டிரைவின் தண்ணீர் உறிஞ்சும் துளைகளில் குழாய்த் தண்ணீரை விடும் கவ்வி) மாட்டி முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐடிலுக்கு மேல் ஏற்ற வேண்டாம். சில நொடி வறட்டு ஓட்டம் புது இம்பெல்லரைக் கருக்கும். கழுவும் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பாருங்கள், கடலோரக் கிராமங்களில் பல போர்த் தண்ணீர் உப்புதான். 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். நிறுத்தி வைக்கும்போது டிரைவைக் கீழே இறக்கியே வையுங்கள். தூக்கி வைத்தால் பெல்லோஸ் மடிந்தே கிடந்து வெடிக்கும், உள்ளே தண்ணீரும் தேங்கும்.

வேலையைத் தை, மாசியில் தொடங்குங்கள். மழைக்கால ஈரத்தில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க ஏறிவிடும், நல்ல மெக்கானிக் அகப்பட மாட்டார். அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதியையும் அதற்குள் வாங்கிவிடுங்கள். முதல் நாள் தண்ணீரில் இறக்கியதும் கால் மணி நேரம் கட்டிய இடத்திலேயே விட்டு, பின்பலகையின் உட்புறத்தை டார்ச்சால் பாருங்கள். 20 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மறுபடி கண்ணாடி ஜாடியில் வடியுங்கள். நிறம் தெளிவாக இருந்தால் அடுத்த மாற்றம் 100 மணி நேரத்தில், அல்லது ஒரு வருடத்தில், எது முந்துகிறதோ அப்போது. மோர் தட்டினால் பென்சில் குறிகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.