நான்கே எபிசோடா!

கேள்வி: கம்ப்யூட்டர் கோளாறால் கணக்கு உதைக்க, தபால் நிலையம் நடத்தியவர்களைத் திருடர்களாக்கிய இங்கிலாந்தின் தபால் நிலைய ஊழலை வைத்து எடுத்த டி.வி. தொடர் ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ பார்த்தேன். பத்திரிகைகள் வருடக்கணக்கில் எழுதியும் சாதிக்காததை நான்கே எபிசோடில் சாதித்துவிட்டார்கள். இனி உங்களுக்கெல்லாம் என்ன வேலை? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: நான்கே எபிசோடா! நம் சேனல்களில் நான்கு எபிசோடுக்குள் மருமகள் காபி டம்ளரை மாமியார் கையில் கொடுத்திருக்கவே மாட்டாள். இந்தக் கதை இங்கே சிக்கியிருந்தால், கணக்கு இடித்ததும் போஸ்ட்மாஸ்டர் அம்மாவின் முகத்தை மூன்று கோணத்தில், இடி மின்னலோடு, வெள்ளிக்கிழமை வரை காட்டியிருப்பார்கள். திங்கட்கிழமை ஹெல்ப்லைனுக்குப் போன் போடுவார். மணி அடிக்கும்போதே ‘தொடரும்’. எடுப்பது, சின்ன வயதில் திருவிழாவில் தொலைந்துபோன தங்கை. தபால் பெட்டிக்குள் எலுமிச்சம்பழம் வைத்தது யார் என்று ஒரு மாதம் ஓடும். 700-வது எபிசோடில், போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய போஸ்ட்மாஸ்டர் பேட்ஸ் படிக்கட்டில் உருண்டு விழ, மறுநாள் ‘இவருக்குப் பதில் இவர்’.

நிஜத்தில் நடந்ததும் அதற்குக் குறைந்ததில்லை. ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் தபால் நிலையம் நடத்திய பெண்ணுக்குக் கணக்கில் 2,000 பவுண்டு உதைத்தது. ஹெல்ப்லைனில் சொன்னபடி செய்தார். கண்ணெதிரே திரையில் அது 4,000 ஆனது. ‘இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான்’ என்றார்கள். இப்படியே ஊர் ஊராகப் பலரிடமும் சொன்னார்கள். விழுந்த துண்டைக் கைக்காசு போட்டு அடைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்கு. பெரும்பாலான வழக்குகளைப் போட்டது போலீஸ் அல்ல, தபால் நிறுவனமேதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2009-லேயே ‘கம்ப்யூட்டர் வீக்லி’ ஏழு பேரின் கதையை அச்சிட்டுவிட்டது. பேட்ஸும் அவரோடு சேர்ந்த 554 பேரும் தொடுத்த வழக்கில், 2019-ல் நீதிபதி தபால் நிறுவனத்தின் வாதத்தை, பூமி தட்டை என்று சாதிப்பதற்குச் சமம் என்று கிழித்தார். 2021-ல் 39 பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தானது. தொடர் வந்தது 2024 ஜனவரி 1-ல். பத்தே நாளில் அப்போதைய பிரதமர் சுனக், தண்டனைகளை ரத்து செய்யத் தனிச்சட்டம் என்றார். மே மாதம் சட்டமே வந்துவிட்டது. தொடர் எந்த ரகசியத்தையும் புதிதாகத் தோண்டவில்லை. மக்களை அழவைத்தது. தேர்தல் வருடத்தில் கண்ணீருக்கு இருக்கிற மதிப்பு தீர்ப்புக்குக் கிடையாது. தாராளமாகப் பாராட்டுங்கள், நானும் பாராட்டுகிறேன். பரிமாறியவரைப் புகழ்கிற வேகத்தில் சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

என் கவலை வேறு. கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது என்று எடுத்துக்கொள்வது இங்கிலாந்து நீதிமன்றங்களின் வழக்கம். 1999-ல் செய்த சட்டத் திருத்தத்தின் விளைவு அது. மெஷின் தப்பு என்று கூண்டில் நிற்பவர்தான் கிளப்ப வேண்டும். பாவம், மெஷினோ அந்த சிஸ்டத்தைச் செய்துகொடுத்த புஜிட்சு நிறுவனத்திடம், அதன் ரிப்போர்ட்டுகளோ தபால் நிறுவனத்திடம். நம்மூர் கவுண்டர்களில் ‘சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். பல வருடமாக இந்தப் பக்கத்தில் புலம்புகிறேன். வயசாகிவிட்டது என்று உதவி ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். யார் இந்த சிஸ்டம்? என்ன பதவி? சஸ்பெண்ட் செய்ய முடியுமா?

பேட்ஸ் சிஸ்டம் காட்டிய கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தார், கடிதம் மேல் கடிதம் எழுதினார். 2003-ல் தபால் நிலையத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருந்தாலும் வழி அதுதான். அடுத்த தடவை ‘சிஸ்டம் காட்டுது’ என்றால், அதை ஒரு தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மன்னார்குடியில் எந்தக் கவுண்டரிலாவது கிடைத்தால் எனக்கும் ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்கள், அட்டையில் போடுகிறேன்.